மூன்றாம் ஸ்டேஜ் லைனில் காற்றுக் கசிவு: குழாயைப் பற்றவைத்து ஓட்டலாமா?

தோணித்துறை டேங்க்

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் தோணித்துறைப் பக்கம் ஒரு கொட்டகை போட்டு டைவிங் சிலிண்டர்களுக்குக் காற்று அடித்துக் கொடுக்கிறேன். பவளப்பாறை சர்வேக்கு வருகிறவர்கள், விசைப்படகு புரொபெல்லரில் சுற்றிய வலையை அறுக்க இறங்குகிறவர்கள், ஜெட்டித் தூண் பார்க்கிறவர்கள் என்று வாரத்துக்கு இருபது, முப்பது டேங்க் வரும். கம்ப்ரசர் மெஷின் மூன்று ஸ்டேஜ் (காற்றை மூன்று படியாக அழுத்தும்), நிமிடத்துக்கு 100 லிட்டர், 225 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), பெட்ரோல் இன்ஜின். பழையதாகத்தான் வாங்கினேன். என் கையில் 6 வருடமாக ஓடுகிறது.

12 லிட்டர் சிலிண்டரை 50 பாரிலிருந்து 200 பாருக்கு ஏற்ற முன்பெல்லாம் 18 நிமிடம் பிடிக்கும். போன வாரம் அது 27 நிமிடம் ஆனது. இப்போது 170க்கு மேல் முள் நகரவே மாட்டேன் என்கிறது. மூன்றாம் ஸ்டேஜ் ஹெட்டிலிருந்து தண்ணீர் பிரிக்கும் பாட்டிலுக்குப் போகிற 8 மில்லி குழாய் இருக்கிறதல்லவா, அதன் நட் பக்கம் ‘ஸ்ஸ்’ என்று சத்தம். மெஷின் ஓடும்போதே ஸ்பேனர் போட்டுக் கால் சுற்று இறுக்கினேன், நின்றது. மறுநாள் மறுபடியும் சத்தம், மறுபடியும் இறுக்கினேன். மூன்றாம் நாள் இறுக்கியும் நிற்கவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு வேலையும் செய்தேன். காற்றைச் சுத்தம் செய்யும் ஃபில்டர் டவருக்குள் குழாய் நுழையும் இடத்தில் எல்போ (முழங்கை மாதிரி வளைந்த இணைப்பு) மரை தேய்ந்து போயிருந்தது. டவுனில் ஒரு கடையில் கால் இஞ்ச் எல்போ வாங்கி, டெஃப்லான் டேப் நன்றாகச் சுற்றி மாட்டினேன்.

இப்போது என் கேள்வி. குழாயில் விரிசல் இருந்தால் வெள்ளிப் பற்று (வெள்ளி கலந்த கம்பியை உருக்கி ஒட்டுவது) வைத்துத் தருவதாக ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். வைக்கலாமா? வெள்ளிக்கிழமை சர்வே ஆட்கள் பன்னிரண்டு டேங்க் கேட்டிருக்கிறார்கள்.

கீழக்கரை ஃபிட்டர்

தம்பி, முதலில் மெஷினை நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமையை அப்புறம் பார்ப்போம்.

வளைகுடாவில் டைவிங் பார்ஜ்களில் 22 வருடம் இந்த வேலைதான் பார்த்தேன். அங்கே எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தது, அழுத்தத்தில் இருக்கும் நட்டில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. தளர்த்தவும் கூடாது, இறுக்கவும் கூடாது. தளர்த்தினால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். இறுக்கினால் என்ன என்று நினைப்பார்கள். உள்ளே குழாயைக் கவ்விக் கொண்டிருக்கிற ஃபெரூல் என்ற சின்ன வளையம் ஏற்கெனவே அதன் முழு கடி கடித்து முடித்திருக்கும். அதற்கு மேல் முறுக்கினால் குழாய்ச் சுவர்தான் உள்ளே நெரியும். நெரிந்த இடத்தில்தான் விரிசல் விழும். நீங்கள் மூன்று நாள் செய்தது அதுவாக இருக்கலாம் என்று பயப்படுகிறேன்.

அடுத்தது, மெஷினை நிறுத்திவிட்டு ஃபில்லிங் ஹோஸ் கேஜ் பூஜ்யம் காட்டுகிறது என்று நம்பி எதையும் கழற்றாதீர்கள். ஃபில்டருக்குப் பின்னால் அழுத்தம் தாங்கும் வால்வு ஒன்று இருக்கும். மெஷின் நின்றாலும் டவருக்குள் நூறு பாருக்கு மேல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. நடுவில் ஒருவழி வால்வும் இருக்கும். அதனால் ஹோஸில் காற்றே இல்லாதபோது டவர் முழு பலத்தோடு உட்கார்ந்திருக்கும். தண்ணீர் வடிக்கும் வால்வுகள் எல்லாவற்றையும் திறங்கள், டவரின் பிளீட் திருகைத் திறங்கள், சத்தம் முழுவதும் அடங்கும் வரை காத்திருங்கள். திறந்தது திறந்தபடியே இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். இன்ஜினின் ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றி வையுங்கள்.

எனக்கு மூன்று விவரம் வேண்டும். இடை ஸ்டேஜ் கேஜ் இருந்தால் அதில் என்ன காட்டியது? கசியும் நட்டுக்கு இரண்டு பக்கமும் குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது? நீங்கள் வாங்கிய எல்போவின் மரை என்ன வகை?

பற்று வைப்பதைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். காரணம் பிறகு எழுதுகிறேன்.

ஏர்வாடி சங்கு

ஃபிட்டர் பாய் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நம் கடற்கரையில் எல்லோரும் ஓடும் மெஷினில்தான் இறுக்குகிறார்கள். நான் சங்கு குளிக்கப் போன காலத்தில் படகில் கம்ப்ரசர் ஓடிக் கொண்டே இருக்கும், ஆள் கீழே இருப்பான், லைன் கசிந்தால் மேலே இருப்பவன் அப்படியே கையால் முறுக்குவான். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சர்வே ஆட்கள் காத்திருக்கும்போது தம்பிக்கு உடனடி வழி ஏதாவது சொல்ல முடியுமா என்றுதான் கேட்கிறேன்.

தீயணைப்பு மெக்கானிக்

சங்கு அண்ணே, நீங்கள் சொல்லும் படகு கம்ப்ரசர் வேறு, இது வேறு. அது ஹூக்கா, ஓஸ் வழியாக நேராக ஆளுக்குப் போகிற காற்று. ஏழெட்டு பார் இருக்கும். தம்பியிடம் இருப்பது 200 பார். நாங்கள் புகைக்குள் போகும்போது முதுகில் மாட்டும் செட்டுக்கு இதே மாதிரி மெஷினில்தான் காற்று ஏற்றுகிறோம், அதனால் சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மில்லி குழாயின் முனைப் பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். 200 பார் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2 கிலோ தள்ளுகிறது. மொத்தம் 100 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. இரண்டு மூட்டையின் பாரத்தை அந்தச் சின்ன ஃபெரூல் தன் பல்லால் பிடித்துக் கொண்டு நிற்கிறது. பிடி விட்டால் குழாய் ஈட்டி மாதிரி பறக்கும். இறுக்குகிறவரின் முகம் நட்டுக்கு ஒரு அடி தூரத்தில் இருக்கும்.

கசிவைக் கையால் தடவித் தேடுகிற பழக்கமும் நிறைய பேருக்கு உண்டு. ஊசித் துவாரத்திலிருந்து வரும் இந்த அழுத்தக் காற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. ஆனால் அது உடனடியாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும், கண்ணாடி போட்டுக் கொண்டு தூரத்திலிருந்து தடவுங்கள்.

தோணித்துறை டேங்க்

பாய், மெக்கானிக் அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே நிறுத்திவிட்டேன். சர்வே ஆட்களிடம் திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டேன், ஒத்துக் கொண்டார்கள்.

டவர் பிளீட் திருகைத் திறந்தபோது உண்மையிலேயே நடுங்கிப் போனேன். ஹோஸ் கேஜ் பூஜ்யத்தில் நின்றது. உள்ளேயிருந்து காற்று ஒரு நிமிடத்துக்கும் மேல் வந்து கொண்டே இருந்தது. 6 வருடமாக இது தெரியாமல் ஃபில்டர் மூடியில் கை வைத்திருக்கிறேன்.

கேட்ட விவரங்கள்: நிறுத்துவதற்கு முன் முதல் ஸ்டேஜ் கேஜ் 6, இரண்டாம் ஸ்டேஜ் கேஜ் 38. எப்போதும் அப்படித்தான் இருக்கும். பாட்டில் பக்கத்தில் கிளாம்ப் இருக்கிறது. ஹெட் பக்கம் கிளாம்பின் தகடு இருக்கிறது, உள்ளே இருந்த ரப்பர் இல்லை. குழாய் தகட்டில் உரசிப் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. எல்போவில் மரை வகை எதுவும் எழுதவில்லை. கையால் மூன்று சுற்று போனது, அப்புறம் ஸ்பேனர் போட்டுத்தான் இறுக்க வேண்டியிருந்தது. டேப் சுற்றியதால் அப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

நட்டைக் கழற்றியும் பார்த்துவிட்டேன். ஃபெரூலுக்கு ஒட்டினாற்போல் குழாயில் தலைமுடி மாதிரி ஒரு கோடு, பாதிச் சுற்று வரைக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது.

கீழக்கரை ஃபிட்டர்

கேஜ் கணக்கு நிம்மதியாக இருக்கிறது. மூன்று ஸ்டேஜும் ஒரே விகிதத்தில் அழுத்தினால் 225 பாருக்கு ஒவ்வொன்றும் சுமார் 6 மடங்கு ஏற்ற வேண்டும். முதல் ஸ்டேஜ் 6, இரண்டாவது 37, மூன்றாவது 225. உங்கள் மெஷின் அப்படித்தான் காட்டுகிறது. மூன்றாம் ஸ்டேஜ் வால்வு பழுதாகியிருந்தால் காற்று பின்னால் தேங்கி இரண்டாம் ஸ்டேஜ் கேஜ் 38ஐத் தாண்டி ஏறியிருக்கும், அதன் சேஃப்டி வால்வும் ஊதியிருக்கும். அது இல்லை. ஆக ஹெட்டுக்குள் குறை கிடையாது, குறை முழுவதும் அதற்கு அடுத்த லைனில்தான்.

காரணம் அந்தக் காணாமல் போன ரப்பர். மூன்றாம் ஸ்டேஜ் பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் குழாய் கொஞ்சம் உதறும். கிளாம்பில் ரப்பர் இருந்தால் உதறல் அங்கேயே அடங்கும். இல்லாவிட்டால் குழாய் அசையாமல் பிடிபட்டிருக்கும் அடுத்த இடம் ஃபெரூல், உதறல் அத்தனையும் அங்கே போய் மடங்கும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான். முதலில் சின்னக் கசிவு வந்திருக்கும், அதை நீங்கள் இறுக்கினீர்கள், விரிசல் வளர்ந்தது. குழாயை மட்டும் மாற்றி ரப்பரை விட்டுவிட்டால் இதே இழையில் இதே கேள்வியோடு திரும்ப வருவீர்கள்.

சரி, பற்று. மூன்று காரணம் சொல்கிறேன். பற்று வைக்கக் குழாயைச் சிவக்கச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் உலோகம் இளகி, அந்த இடத்தில் குழாயின் பலமே போய்விடும். உள்ளே கரிந்த செதிள் படியும், அது உதிர்ந்து நேராக வால்விலும் ஃபில்டரிலும் போய் உட்காரும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பழைய வெள்ளிப் பற்றுக் கம்பிகளில் சில வகையில் காட்மியம் இருக்கும். அது விஷம். இந்தக் குழாயில் போவது மனிதன் சுவாசிக்கும் காற்று, டயருக்கு அடிக்கும் காற்று இல்லை. பட்டறைக்காரர் நல்ல வேலைக்காரராக இருக்கலாம், ஆனால் அவர் கையில் இருக்கும் கம்பியில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

புதுக் குழாய்தான். மெஷின் கம்பெனி டீலரிடம் வளைத்த குழாயே கிடைக்கும், காத்திருக்க முடிந்தால் அதுதான் நல்லது. இங்கேயே செய்வதானால் பழைய குழாயின் அதே உலோகம், அதே வெளி விட்டம், அதே சுவர்க் கனம், தையல் இல்லாத குழாய். மூட்டு போட்டு உருட்டிய குழாய் வேண்டாம். ‘கொஞ்சம் பெரிய குழாய் போட்டால் பலம்’ என்று கடையில் சொல்வார்கள். நேர் மாறு. சுவர்க் கனம் அதே இருந்து விட்டம் பெரிதானால் தாங்கும் அழுத்தம் குறையும்.

எல்போவைப் பற்றி லேத்காரர் யாராவது சொல்லுங்கள். எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

பெரியபட்டினம் லேத்

கையால் மூன்று சுற்று, பிறகு இறுகல் என்றதுமே எனக்கும் அதே சந்தேகம்தான்.

கால் இஞ்சில் இரண்டு மரை நம் ஊரில் கலந்து ஓடுகிறது. ஒன்று பிரிட்டிஷ் பைப் மரை, இஞ்சுக்கு 19 பல், பல்லின் கோணம் 55 டிகிரி. இன்னொன்று அமெரிக்க என்பிடி, இஞ்சுக்கு 18 பல், கோணம் 60 டிகிரி. விட்டம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கொஞ்ச தூரம் நுழையும். பிறகு பல் பல்லோடு மோதும். அங்கே பலமாக முறுக்கினால் இறுகிவிட்டது போலத் தெரியும், டேப் வேறு இடைவெளியை மறைத்துவிடும். உண்மையில் இரண்டு மூன்று பல்தான் பாரத்தைத் தாங்கும். அரை இஞ்சில் இன்னும் மோசம், இரண்டுக்குமே 14 பல்தான், ஏமாறுவது சுலபம்.

பல் அளக்கும் கேஜ் ஒரு செட் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. அது வரும் வரை பழைய எல்போவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல்லோடு பல்லைச் சேர்த்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். ஒரே வகை என்றால் முழு நீளத்துக்கும் பொருந்தும்.

தவறான மரை ஏறியிருந்தால் டவரின் பெண் மரையும் கெட்டிருக்கலாம். அதையும் பார்க்காமல் புது எல்போ போடாதீர்கள். டவர் அலுமினியம் என்றால் மரையை நான் திரும்ப வெட்டித் தர மாட்டேன், சுவர் மெலிந்துவிடும். டீலரிடம்தான் காட்ட வேண்டும்.

குருசடை

நான் பவளப்பாறை சர்வேயில் டைவ் பண்ணுகிறவள், மெஷின் பக்கம் தெரியாது. ஆனால் அந்தக் காற்றைச் சுவாசிப்பவள் என்ற முறையில் ஒரு கேள்வி. இத்தனை நாள் கசிந்து கொண்டே ஓடியதே, வந்த காற்று சுத்தமாக இருந்திருக்குமா? போன மாதம் ஒரு டேங்கில் லேசாக எண்ணெய் வாடை வந்தது. அது தோணித்துறை அண்ணாவுடையதா என்று எனக்குத் தெரியாது, யாரையும் குறை சொல்லவில்லை.

தீயணைப்பு மெக்கானிக்

நல்ல கேள்வி தங்கச்சி. நாங்கள் எல்லோரும் கசிவை மட்டும் பார்த்துக் கொண்டிருந்தோம்.

கசிவு காற்றை மட்டும் தின்னாது, ஃபில்டரையும் தின்னும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் 17 கிராம் நீராவி நிற்கும். 40 டிகிரியில் 51 கிராம், மூன்று மடங்கு. நம் ஊரில் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 40 என்பது ஒன்றுமே இல்லை, கடற்கரை ஈரம் வேறு. இந்தத் தண்ணீரில் பெரும்பகுதி பாட்டிலில் பிரிந்துவிடும், ஆனால் அது அழுத்தத்தைப் பொறுத்தது. 200 பாரில் பிரியும்போது மிஞ்சும் ஈரத்தைப் போல இரண்டு மடங்கு 100 பாரில் மிஞ்சும். அழுத்தம் தாங்கும் வால்வு வைத்திருப்பதே டவருக்குள் எப்போதும் உயர்ந்த அழுத்தம் நிற்பதற்குத்தான். உங்கள் கசிவு பாட்டிலுக்கு முன்னால். மெஷின் அதிக நேரம் ஓடி அதிகமாகச் சூடானது. 18 நிமிட வேலைக்கு 27 நிமிடம் என்றால் ஒன்றரை மடங்கு. எண்ணெய்ச் சூடும் அதற்கேற்ப. ஆக இத்தனை மணி ஓடினால் மாற்ற வேண்டும் என்ற கணக்கை நம்பாமல், ஃபில்டருக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜை இப்போதே மாற்றுங்கள்.

கார்பன் மோனாக்சைடு பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஐரோப்பாவின் 12021 தர அளவுப்படி சுவாசக் காற்றில் அது பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணெய் கன மீட்டருக்கு அரை மில்லிகிராம். தரையில் தலைவலி தராத அளவு 30 மீட்டர் ஆழத்தில் நாலு மடங்கு வேலை செய்யும், அங்கே அழுத்தம் நாலு மடங்கு என்பதால். ஃபில்டரில் அதை மாற்றும் ஹாப்கலைட் என்ற பொடி இருந்தாலும் ஈரம் பட்டால் அது செத்துப் போகும். எண்ணெய் வாடை மூக்குக்குத் தெரியும். இது தெரியாது.

தம்பி, உங்கள் இன்ஜின் பெட்ரோல். காற்று இழுக்கும் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது, புகை எந்தப் பக்கம் போகிறது?

தோணித்துறை டேங்க்

இழுக்கும் குழாய் கொட்டகைக்கு மேற்கே, ஆள் உயரத்துக்கு மேல். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது புகை கிழக்கே போய்விடும், பிரச்சினை இல்லை. வாடைக் காலத்தில் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. ஐப்பசியில் காற்று திரும்பினால் புகை நேராக இழுக்கும் குழாய்க்கே வரும். இதை உடனே சரி செய்கிறேன்.

குருசடை தங்கச்சி, போன மாதம் உங்கள் குழுவுக்குக் காற்று அடித்தது நான்தானா என்று என் நோட்டில் பார்த்தேன். ஆமாம், 8 டேங்க். கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டிய மணி அப்போது நெருங்கியிருந்தது, இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டேன். மன்னித்துக் கொள்ளுங்கள். அந்த டேங்குகள் இன்னும் காலியாகாமல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள், காலி செய்து புதிதாக ஏற்றித் தருகிறேன்.

குருசடை

இரண்டு டேங்க் மிச்சம் இருக்கிறது அண்ணா, கொண்டு வருகிறேன். நோட்டு எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதே பெரிய விஷயம்.

ஏர்வாடி சங்கு

காற்று விஷயத்தில் மெக்கானிக் தம்பி சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். படகில் புகை உள்ளே போய், மேலே வந்த ஆள் மயங்கி விழுந்தான். ‘கடல் அடித்துவிட்டது’ என்றார்கள். கடல் அடிக்கவில்லை, இன்ஜின் அடித்தது. முன்பு எழுதியதில் ‘யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை’ என்றேன். அது சரியில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எவர்சில்வர் குழாயை விட்டுவிட்டுச் செம்பு போட்டால் என்ன? வளைக்கச் சுலபம், உப்புக் காற்றில் துருவும் பிடிக்காது. பழைய மெஷின்களில் செம்புதானே இருந்தது.

கீழக்கரை ஃபிட்டர்

சங்கு அண்ணே, செம்புக்கு நான் எதிரி இல்லை. எந்த மெஷினில் கம்பெனியே செம்பு போட்டிருக்கிறதோ அங்கே செம்பு. எவர்சில்வர் போட்ட இடத்தில் அதே கனத்தில் செம்பு போட்டால் அது பாதி அழுத்தம்கூடத் தாங்காது. உதறலில் செம்பு நாளடைவில் இறுகி உடையும் குணமும் கொண்டது.

எவர்சில்வருக்குத் துரு பிடிக்காது என்பதும் முழு உண்மை இல்லை. அதில் 304, 316 என்று வகை உண்டு, 304ஐ விட 316 உப்பைத் தாங்கும். ஆனால் 316கூட 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது உப்பு படிந்தால் உள்ளுக்குள் விரிசல் விடும். மூன்றாம் ஸ்டேஜ் ஹெட்டிலிருந்து வரும் குழாய் 100 டிகிரியைத் தாண்டும். நம் கடற்கரையில் எந்நேரமும் உப்புத் தூவானம். அதனால் வாரம் ஒரு முறை மெஷின் முழுவதும் ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் குழாய்களைத் துடையுங்கள். கிளாம்புக்கு அடியிலும் துடைக்க வேண்டும், உப்பு அங்கேதான் ஒளியும். சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பித்தளை ஃபிட்டிங்குக்கு இன்னொரு எதிரி அமோனியா. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாகவே வெடிப்பு விட்டன. ஏன் என்று 1920களின் தொடக்கத்தில்தான் தெளிவாகக் கண்டுபிடித்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும் ஈரமும் சேர்ந்து, இறுக்கத்தில் இருந்த பித்தளையைப் பிளந்திருக்கிறது. இறுக்கிய நட்டும் இறுக்கத்தில் இருக்கும் பித்தளைதான். மீன் அழுகும் இடத்திலும் அமோனியா வரும். உங்கள் கொட்டகைக்குப் பக்கத்தில் கருவாடு காயப் போடும் களம் இருந்தால் கம்ப்ரசரைக் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. கசிவு பார்க்கும் சோப்பிலும் அமோனியா இருக்கக் கூடாது, தரை கழுவும் திரவம் வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பார்த்த பிறகு துடைத்துவிடுங்கள்.

கீழக்கரை இளசு

ஃபிட்டர் காக்கா, ஒரு சின்னச் சந்தேகம். எங்களிடம் இருக்கும் ஃபில்லிங் ஹோஸின் மேல் உறையில் வரிசையாக ஊசிக்குத்து மாதிரி துவாரம் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் அங்கங்கே நுரைக்கிறது. புது ஹோஸ்தான். ஓட்டையா இது?

கீழக்கரை ஃபிட்டர்

இல்லை தம்பி, வேண்டுமென்றே குத்தியது அது. உள் குழாயின் சுவர் வழியாகக் காற்று மிகக் கொஞ்சமாக ஊறி வரும். வெளியேற வழி இல்லாவிட்டால் மேல் உறை பலூன் மாதிரி உப்பிவிடும், அதற்காகத்தான் துவாரம். அழுத்தம் ஏற்றியதும் கொஞ்சம் நுரைத்து அடங்கினால் சரி. ஒரே இடத்தில் விடாமல் நுரைத்தாலோ, உறை உப்பினாலோ, முனையில் இரும்புப் பிடி ஓரத்தில் கசிந்தாலோ வெட்டிப் போட்டுவிடுங்கள். வெட்டிப் போடுங்கள் என்றால் இரண்டு துண்டாக, யாரும் எடுத்து மாட்ட முடியாதபடி.

ஹோஸில் அச்சடித்த வேலை அழுத்தமும் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், படித்துப் பாருங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் 5 வருடத்தில் மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள் எங்களுக்கு. ஜேசிபிக்குப் போடும் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தம் தாங்கும் என்று சிலர் மாட்டுகிறார்கள். அழுத்தம் தாங்கும், ஆனால் அதன் உள் ரப்பர் சுவாசக் காற்றுக்கு ஆனது இல்லை. இரண்டு முனையையும் கம்பிக் கயிற்றால் கட்டி வையுங்கள். முனை கழன்றால் ஹோஸ் சாட்டை மாதிரி சுழலும்.

தோணித்துறை டேங்க்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். வேலை முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

எல்போ என்பிடிதான். பெரியபட்டினம் அண்ணன் சொன்னபடி பல்லோடு பல் வைத்துப் பார்த்தேன், நாலாவது பல்லிலேயே விலகிவிட்டது. டவர் மரையின் முதல் இரண்டு பல் நசுங்கியிருந்தது. டீலரிடம் அனுப்பினேன், டவரின் மேல் மூடியையே மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினேன். செலவு வலித்தது, ஆனால் அந்த எல்போவை நம்பி எத்தனை டேங்க் ஏற்றினேன் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. புது எல்போவுக்கு டேப் சுற்றியதும் அவர்கள்தான், முதல் இரண்டு பல்லை விட்டுவிட்டுச் சுற்றினார்கள். டேப் துணுக்கு உள்ளே போய் வால்வில் சிக்காமல் இருக்க. ஃபெரூல் நட்டுக்கு டேப்பே கூடாது என்றும் சொன்னார்கள். நான் அதற்கும் சுற்றியிருந்தேன்.

குழாய் வளைத்தது வரவில்லை, இருப்பில் இல்லை. 316, தையல் இல்லாதது, அதே 8 மில்லி, அதே சுவர்க் கனம், சான்றிதழோடு சென்னையிலிருந்து வரவழைத்தேன். பழைய குழாயைப் பக்கத்தில் வைத்து பெண்டரில் வளைத்தோம். கீழக்கரை பாய் நேரில் வந்துவிட்டார், அவர் கையால்தான் முனை வெட்டியது. நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு எடுத்து, துணியும் காற்றும் விட்டுத் துடைத்தார். என் ஃபிட்டிங் இரட்டை ஃபெரூல் வகை. குழாயை அடி முட்ட நுழைத்து, நட்டைக் கையால் இறுக்கி, மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, அங்கிருந்து ஒன்றேகால் சுற்று. அதற்கு மேல் ஒரு முடியும் இல்லை. ஒரே கம்பெனி நட்டும் ஃபெரூலும் உடலும்தான் சேர வேண்டும், கலக்கக் கூடாது என்று பாய் பழைய டப்பாவில் நான் சேர்த்து வைத்திருந்த ஃபெரூல்களை எல்லாம் வாங்கிக் கொண்டு போய்விட்டார்.

மாட்டுவதற்கு முன் குழாயைத் தண்ணீர் நிரப்பிக் கைப் பம்பில் 340 பார் வரை ஏற்றிப் பத்து நிமிடம் வைத்தோம். தண்ணீர் சுருங்காது, உடைந்தாலும் வெடிக்காது, அதனால் முதல் சோதனை தண்ணீரில் என்றார். பிறகு உலர்த்தி மாட்டினோம். கிளாம்புக்குப் புது ரப்பர், இரண்டு பக்கமும். கூடவே நடுவில் ஒரு கிளாம்ப் சேர்த்தோம்.

மெஷினில் 50, 100, 150, 200 என்று நாலு இடத்தில் நிறுத்திச் சோப்பு தடவினோம். 150இல் பாட்டில் பக்கத்து நட்டில் சின்ன நுரை. என் கை தானாக ஸ்பேனருக்குப் போனது, பாய் கையைப் பிடித்துக் கொண்டார். எல்லாவற்றையும் திறந்து பூஜ்யம் ஆக்கி, கழற்றிப் பார்த்தால் ஃபெரூல் உட்காரும் இடத்தில் ஒரு மணல் துகள். துடைத்து, கோட்டைக் கோட்டோடு சேர்த்து, சிறிதளவு இறுக்கி, திரும்ப ஏற்றினோம். நுரை இல்லை.

கார்ட்ரிட்ஜ் புதியது, எண்ணெய் புதியது. காற்று இழுக்கும் குழாயை இரண்டு பக்கமும் மாற்றி மாட்டும்படி செய்துவிட்டேன், வாடை திரும்பினால் கிழக்கே நகர்த்த வேண்டியதுதான். 12 லிட்டர் டேங்க், 50இலிருந்து 200, இப்போது 18 நிமிடம் சில நொடி.

ஏர்வாடி சங்கு

நல்லது தம்பி. அந்த மணல் துகள் விஷயம், கழற்றிய முனைகளுக்கு மூடி போட்டு வைத்தீர்களா இல்லையா? இங்கே காற்றில் மணல் எப்போதும் பறக்கும்.

தோணித்துறை டேங்க்

போடவில்லை அண்ணே, துணி மட்டும் சுற்றி வைத்திருந்தேன். நாளைக்கே பிளாஸ்டிக் மூடி வாங்குகிறேன். 8 மில்லிக்கு எந்த அளவு என்று லேத் அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும்.

பெரியபட்டினம் லேத்

குழாய்க்கு 8 மில்லி மூடிதான், வெளியே போடுவது. ஃபிட்டிங் உடலுக்கு நட் மரை அளவைச் சொல்லுங்கள், அதற்கு வேறு. என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, சனிக்கிழமை மண்டபம் வரும்போது கொண்டு வருகிறேன்.